ஈர்ப்பு விதியைத் திருத்தினால் அண்டத்தின் விரிவு புரிந்துவிடுமா?

1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் யோகான் காலே ஒரு புதிய கோளைக் கண்டார். தேட வேண்டிய இடம் என்று அவருக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட புள்ளியிலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே அது இருந்தது. குறித்துக் கொடுத்தவர் பாரிஸில் இருந்த கணித வானியலாளர் லெவெரியே. யுரேனஸ் கோள் நியூட்டன் விதி சொல்லும் பாதையை விட்டுச் சற்று விலகி ஓடியது. விதியில் அவர் கை வைக்கவில்லை. கண்ணில் படாத இன்னொரு பொருள் யுரேனஸை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார். நெப்டியூன் கிடைத்தது.

1859இல் அதே லெவெரியே புதன் கோளிலும் ஒரு விலகலைக் கண்டார். புதனின் நீள்வட்டப் பாதை மெல்லச் சுழல்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பை எல்லாம் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 விகலை மிஞ்சுகிறது (இது இன்றைய அளவு, ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). இங்கேயும் பழைய வழியையே பின்பற்றி, சூரியனுக்கு அருகில் 'வல்கன்' என்றொரு கோள் இருப்பதாகச் சொன்னார்கள். எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கோளே இல்லை. குறை விதியில் இருந்தது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாகச் சொல்லும் தம் பொதுச் சார்பியலை வைத்துக் கணக்கிட்டபோது அந்த 43 விகலை தானாகவே வந்து விழுந்தது.

கணக்கு உதைக்கும்போது செய்யக்கூடியவை இரண்டே: தெரியாத பொருளைச் சேர்ப்பது, அல்லது விதியைத் திருத்துவது. இன்றைய அண்டவியலின் முன்னால் இருப்பவையும் இதே இரண்டு வழிகள்தான். கண்ணில் படாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் கரும்பொருள், விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் என்பவை முதல் வழி. மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் இரண்டாவது வழி. முதல் வழியை நெப்டியூன் என்றும் இரண்டாவதை வல்கனின் பாடம் என்றும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாம் அதனதன் இடத்தில் அமரும்.

விரிவு என்று எதை அளக்கிறோம்

தொலைவில் உள்ள ஒரு கேலக்ஸியின் ஒளியைப் பிரித்தால், ஹைட்ரஜன் போன்ற தனிமங்களின் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். இதுவே செம்பெயர்ச்சி. செம்பெயர்ச்சி 1 என்றால், ஒளி புறப்பட்டபோது இருந்ததைப் போல இரண்டு மடங்காக அதன் அலைநீளம் நீண்டிருக்கிறது. அதே காலத்தில் அண்டத்தின் தூரங்களும் இரண்டு மடங்காகியிருக்கின்றன. செம்பெயர்ச்சியை அளப்பது எளிது. தொலைவை அளப்பதுதான் கடினம். அண்டவியலின் பெரும்பாலான சச்சரவுகள் அங்கேதான் பிறக்கின்றன.

தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை 1927இல் லெமேத்ர், 1929இல் ஹபிள் எடுத்துக்காட்டினார்கள். ஹபிள் பெற்ற எண், மெகாபார்செக் ஒன்றுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு. இன்றைய எண் 70ஐ ஒட்டியது. ஏழு மடங்குத் தவறுக்குக் காரணம், அவர் தொலைவுகளை மிகவும் குறைத்து மதிப்பிட்டதுதான். செம்பெயர்ச்சி அளவுகளில் குறை ஏதும் இல்லை.

புதிதாகப் படிப்பவர்கள் இடறும் ஓர் இடம் உண்டு. அண்டம் விரிகிறது என்றால் நம் வீடும் பூமியும் சூரியக் குடும்பமும் விரிவதில்லை. ஈர்ப்பாலோ மின்விசையாலோ கட்டுண்ட எதுவும் விரிவதில்லை. நம் பால்வெளியும் பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவும் ஒன்றை ஒன்று நோக்கியே வருகின்றன. விரிவு தெரிவது கேலக்ஸிக் கொத்துகளுக்கு இடையே உள்ள பெருவெளியில்.

அண்டம் விரியவே இல்லை, நெடுந்தூரம் வரும் ஒளி களைத்து ஆற்றலை இழக்கிறது என்ற மாற்று விளக்கத்தை 1929இல் ஸ்விக்கி முன்வைத்தார். இன்றும் இதைப் புதிதாகக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. இது எங்கே உடைகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒளி களைத்தால் நிறம் மாறும், நேரம் நீளாது. உண்மையில் செம்பெயர்ச்சி 1இல் தெரியும் ஒருவகை சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் விண்மீன்), பக்கத்தில் 20 நாளில் மங்குவதானால் அங்கே 40 நாள் எடுத்துக்கொள்கிறது. விரிவு நேரத்தையும் சேர்த்தே இழுக்கிறது.

அண்டம் விரிந்தாலும் அதன் தோற்றம் மாறுவதில்லை, புதிய பொருள் இடைவிடாது பிறந்து இடைவெளியை நிரப்புகிறது என்பது 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் சொன்ன நிலைமாறா அண்டம். 1964இல் ஹாயிலும் ஜயந்த் நார்லிகரும் இதை ஒட்டித் தனி ஈர்ப்புக் கோட்பாடே எழுதினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு பென்சியாஸும் வில்சனும் அறிவித்த அண்ட நுண்ணலைப் பின்னணி (வானின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் தொடக்க கால ஒளியின் எச்சம்), அண்டம் ஒரு காலத்தில் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்ததைக் காட்டியது. நிலைமாறாக் கோட்பாடு அதிலிருந்து மீளவில்லை.

ஈர்ப்பு எங்கே நுழைகிறது

மேலே எறிந்த கல் வேகம் குறைந்துகொண்டே போகும். அண்டத்தில் உள்ள பொருளும் ஒன்றை ஒன்று இழுப்பதால் விரிவும் அப்படிக் குறைந்துகொண்டே வர வேண்டும். எவ்வளவு குறைகிறது என்று அளக்கப் புறப்பட்ட இரண்டு குழுக்கள், தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதைக் கண்டு, விரிவு வேகம் கூடுகிறது என்று 1998இல் அறிவித்தன. பெர்ல்முட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது.

பொதுச் சார்பியலில் பொருளின் அடர்த்தி மட்டுமல்ல, அதன் அழுத்தமும் ஈர்க்கும். அடர்த்தியோடு அழுத்தத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவதுதான் விரிவைத் தடுக்கும் மொத்த இழுப்பு. அழுத்தம் போதிய அளவு எதிர்மறையாக இருந்தால் கூட்டுத்தொகையே எதிர்மறையாகி, இழுப்பு தள்ளலாக மாறும். ஐன்ஸ்டைன் 1917இல் சேர்த்த அண்டவியல் மாறிலி சரியாக இப்படி நடந்துகொள்ளும். அதன் அடர்த்தி எவ்வளவு தேவை? கனமீட்டருக்கு ஏறத்தாழ 6 × 10⁻²⁷ கிலோகிராம். நான்கு ஹைட்ரஜன் அணுக்களைவிடச் சற்றுக் குறைவான எடை. இவ்வளவு சிறியது, ஆனால் எல்லா இடத்திலும் இருப்பதால் அண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 68 சதவீதம் இதுவே. கரும்பொருள் 27, நாம் அறிந்த அணுக்கள் 5.

இந்த எண்கள் அளவீடுகளோடு அழகாகப் பொருந்துகின்றன. அப்படியானால் ஏன் மாற்றுக் கோட்பாடு? வெற்றிடத்துக்கு ஆற்றல் உண்டு என்று குவாண்டம் இயற்பியல் சொல்கிறது. ஆனால் அதை நேரடியாக மதிப்பிட்டால் வரும் எண், அளந்த எண்ணைவிட 10¹²⁰ மடங்கு வரை பெரிதாக வருகிறது. இந்தப் பள்ளத்துக்கு யாரிடமும் பாலம் இல்லை. கரும்பொருள் துகளும் எந்த ஆய்வகத்திலும் இதுவரை பிடிபடவில்லை. வல்கனைத் தேடிய கதை மனதில் வந்து நிற்பது இயல்பே.

திருத்த வேண்டும், ஆனால் எங்கே?

புதிய ஈர்ப்பு விதி எழுதுவது கடினமல்ல. ஏற்கெனவே துல்லியமாக அளந்த இடங்களில் அது தலைகாட்டாமல் இருக்கச் செய்வதுதான் கடினம். மாற்றுக் கோட்பாடுகளில் பெரும்பாலானவை இங்கேதான் விழுகின்றன.

2002இல் காசினி விண்கலத்துக்கும் பூமிக்கும் இடையே சென்ற ரேடியோ அலைகள் சூரியனை ஒட்டிக் கடந்தன. அங்கே காலவெளி வளைந்திருப்பதால் அவற்றுக்கு ஏற்படும் தாமதத்தை அளந்தபோது, ஐன்ஸ்டைனின் கணிப்பு ஒரு லட்சத்தில் 2 பங்கு அளவுக்குள் சரியாக இருந்தது. 1961இல் பிரான்ஸும் டிக்கியும் எழுதிய கோட்பாடு, ஈர்ப்பு மாறிலியையே இடத்துக்கு இடம் மாறும் ஒரு புலமாக (வெளி முழுதும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்புள்ள அளவாக) மாற்றியது. அதற்கு இன்று மிச்சமிருக்கும் இடம் மிகக் குறுகியதற்குக் காரணம் இந்த ஓர் அளவீடு. அப்பல்லோ வீரர்கள் நிலவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் பட்டுத் திரும்பும் நேரம், பூமியும் நிலவும் சூரியனை நோக்கி ஒரே முடுக்கத்தில் விழுகின்றன என்று காட்டுகிறது. 1974இல் ஹல்ஸும் டெய்லரும் கண்ட இரட்டை நியூட்ரான் விண்மீன்களின் (மிக அடர்ந்த, இறந்த விண்மீன்களின்) சுற்றுக்காலம் 7 மணி 45 நிமிடம். அது ஆண்டுக்கு ஏறக்குறைய 76 மைக்ரோவிநாடி குறைகிறது. ஈர்ப்பலைகள் ஆற்றலைக் கொண்டுபோவதால் எவ்வளவு குறைய வேண்டும் என்று பொதுச் சார்பியல் சொல்கிறதோ, அவ்வளவே.

கேலக்ஸியில் தொடங்கிய திருத்தம்

1983இல் மில்கிரோம் முன்வைத்த 'மாண்ட்' (திருத்திய நியூட்டன் இயக்கவியல்) கருத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் கரு இதுதான்: முடுக்கம் 1.2 × 10⁻¹⁰ மீட்டர்/விநாடி² என்ற எல்லைக்கு மேல் இருக்கும் வரை நியூட்டன் விதியே செல்லும். அதற்கு வெகுவாகக் கீழே போனால் உண்மையான முடுக்கம், நியூட்டன் முடுக்கத்தையும் அந்த எல்லை எண்ணையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம் ஆகும்.

சூரியனைச் சுற்றும் பூமியின் முடுக்கம் இந்த எல்லையைப் போல ஏறக்குறைய 5 கோடி மடங்கு. நெப்டியூனிலும் 50 ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே சூரியக் குடும்பம் தப்பித்துவிடுகிறது. இனி, சூரியனைப் போல 10¹¹ மடங்கு நிறையுள்ள ஒரு கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து ஒரு லட்சம் ஒளியாண்டு தள்ளி ஒரு வாயு மேகம் சுற்றுகிறது. ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கித் தொலைவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நியூட்டன் வேகம்: விநாடிக்கு 120 கி.மீ. நான்கு மடங்கு தொலைவில் அது பாதியாக, 60 ஆக வேண்டும். மாண்ட் விதியில் தொலைவு கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது. ஈர்ப்பு மாறிலி, நிறை, எல்லை முடுக்கம் மூன்றையும் பெருக்கி நான்காம் மூலம் எடுங்கள்: 200 கி.மீ. எங்கே போனாலும் அதே 200. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் ஆண்ட்ரோமெடாவில் அளந்ததும் பின்னர் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளில் கண்டதும் இப்படித் தட்டையாக ஓடும் வேகக் கோடுதான்.

பலர் இதில் செய்யும் தவறு, எல்லை எண்ணைத் தொலைவாக நினைப்பது. "தொலைவு கூடினால் ஈர்ப்பு மாறும்" என்பது மாண்ட் அல்ல. சிறிய, மங்கலான கேலக்ஸிகளில் மையத்திலேயே முடுக்கம் எல்லைக்குக் கீழே இருக்கும். ஆகவே அங்கே முதலிலிருந்தே விலகல் தெரிய வேண்டும் என்று மில்கிரோம் முன்கூட்டியே சொன்னார். அது பலித்தது. 2016இல் 153 கேலக்ஸிகளை வைத்துச் செய்த ஆய்வில், அணுப்பொருளைக் கொண்டு கணக்கிட்ட முடுக்கமும் உண்மையில் அளந்த முடுக்கமும் ஒரே வளைகோட்டில் நெருங்கி அமர்ந்தன. கரும்பொருளை ஏற்பவர்களும் விளக்கியாக வேண்டிய ஒழுங்கு இது. மாண்டைப் பிடிக்காதவர்கள் இதை ஒதுக்கித் தள்ளுவது நியாயமில்லை.

விரிவோடும் இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. ஒளிவேகத்தை இன்றைய விரிவு வீதத்தால் பெருக்கி 2π ஆல் வகுத்தால் 1.1 × 10⁻¹⁰ மீட்டர்/விநாடி² வருகிறது. மாண்டின் எல்லை எண்ணுக்கு மிக நெருக்கம். தற்செயலா, ஆழமான காரணம் உண்டா என்பது இன்னும் திறந்த கேள்வி.

மாண்ட் எங்கே சறுக்குகிறது? கேலக்ஸிக் கொத்துகளில். அங்கே அதன் திருத்தத்துக்குப் பிறகும், கண்ணில் படும் நிறை தேவையானதில் ஏறக்குறைய பாதிதான். 2006இல் வெளியான புல்லட் கொத்து ஆய்வு இதைப் படமாகவே காட்டியது. இரண்டு கொத்துகள் மோதி ஒன்றை ஒன்று கடந்தபோது, அணுப்பொருளில் பெரும்பகுதியான சூடான வாயு நடுவில் சிக்கி நின்றது. ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும் நிறை, வாயு இருக்கும் இடத்தில் இல்லாமல், கடந்துபோன கேலக்ஸிகளின் பக்கம் இருந்தது. நுண்ணலைப் பின்னணியிலும் இதே சிக்கல். அதன் வெப்ப ஏற்ற இறக்கங்களை அளவு வாரியாக வரைந்த வரைபடத்தில் மூன்றாம் முகடு, கரும்பொருள் இல்லாவிட்டால் இரண்டாவதைவிடத் தெளிவாகத் தாழ வேண்டும். அளந்தால் இரண்டும் ஏறக்குறைய சம உயரம். 2021இல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் எழுதிய சார்பியல் வடிவம் இந்த முகட்டைச் சரியாகத் தருகிறது. அதற்காகச் சேர்த்த புதிய புலங்கள் தொடக்க அண்டத்தில் கரும்பொருளைப் போலவே நடந்துகொள்கின்றன.

விரிவுக்காகவே எழுதப்பட்டவை

மாண்ட் கரும்பொருளுக்கு மாற்று. விரிவு வேகம் கூடுவதை விளக்க வந்த திருத்தங்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் செய்திகள் நிறைய.

ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் மூலத்தில் காலவெளியின் வளைவைக் குறிக்கும் ஆர் என்ற ஓர் அளவு உண்டு. அதன் இடத்தில் அந்த அளவின் ஏதோ ஒரு சார்பை வைத்தால் 'எஃப்-ஆர்' கோட்பாடுகள் பிறக்கின்றன. 2007இல் ஹூவும் சாவிட்ஸ்கியும் எழுதிய வடிவம் அதிகம் சோதிக்கப்பட்டது. சார்பை நன்றாகத் தேர்ந்தால், வளைவு மிகக் குறைவாக உள்ள இன்றைய அண்டத்தில் மாறிலி போல ஒன்று தானே எழும். ஆனால் கூடவே ஒரு புதிய விசையும் வரும். அது ஈர்ப்பை மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டும். காசினி அதை நொடியில் பிடித்துவிடும்.

தப்பிக்கும் வழியை 2004இல் குரியும் வெல்ட்மனும் காட்டினார்கள். அதன் பெயர் பச்சோந்தி. புதிய விசையைக் கடத்தும் புலம், சுற்றிலும் பொருள் அடர்த்தி கூடினால் கனமாகி எட்டும் தூரம் சுருங்கிவிடும். வெறுமையில் இலகுவாகி வெகுதூரம் எட்டும். சூரியனுக்கு அருகே மறையும், பெருவெளியில் வெளிப்படும். எனவே இதைத் தேட ஏற்ற இடம், வெற்று வெளியில் தனியே கிடக்கும் குள்ளக் கேலக்ஸிகள். அங்கே அடர்ந்த விண்மீன்கள் புதிய விசையை உணராது, பரவிய வாயு உணரும். ஒரே கேலக்ஸியில் வாயு விண்மீன்களைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். இதுவரை அப்படித் தெளிவாகத் தெரியவில்லை.

2000இல் த்வாலி, கபடாட்ஸே, போராட்டி மூவரும் இன்னொரு வழியில் சென்றார்கள். நம் உலகம் ஐந்து பரிமாண வெளியில் ஒரு தகடு; மிகப் பெரிய தூரங்களில் ஈர்ப்பு தகட்டை விட்டுக் கசிகிறது. கரும் ஆற்றல் இல்லாமலே விரிவு வேகம் கூடும். அழகான எண்ணம்தான். ஆனால் அந்தத் தீர்வில் எதிர்மறை ஆற்றலுள்ள நிலையற்ற அதிர்வுகள் வந்துவிடுகின்றன, விரிவு அளவுகளும் பொருந்தவில்லை. இப்போது அது மற்றக் கோட்பாடுகளைப் பரிசோதிக்க உதவும் மாதிரியாகவே மிஞ்சியிருக்கிறது.

1.7 விநாடி

2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை பூமியை எட்டியது. 1.7 விநாடி கழித்து அதே நிகழ்வின் காமாக் கதிர் வந்தது. 13 கோடி ஆண்டு ஓடி 1.7 விநாடி வித்தியாசம் என்றால், ஈர்ப்பலையும் ஒளியும் 10¹⁵இல் சில பங்கு அளவுக்குள் ஒரே வேகம். விரிவை விளக்க எழுதிய பல கோட்பாடுகளில் புதிய புலம் ஈர்ப்பலையின் வேகத்தை மாற்றும். அவை அந்த ஒரே நாளில் பெரும்பாலும் அடைபட்டன. பெக்கன்ஸ்டைன் 2004இல் மாண்டுக்குக் கொடுத்த சார்பியல் வடிவமும் அதில் அடக்கம். எஃப்-ஆர் தப்பியது, அதில் ஈர்ப்பலை ஒளிவேகத்திலேயே செல்லும்.

பொருளா, விதியா: பிரித்தறிவது எப்படி

விரிவின் வரலாற்றை மட்டும் அளந்தால் இதற்கு விடை கிடைக்காது. எந்த வரலாற்றையும் ஏற்ற கரும் ஆற்றலைக் கொண்டும் உண்டாக்கலாம், ஏற்ற ஈர்ப்பைக் கொண்டும் உண்டாக்கலாம். வேறுபாடு தெரியும் இடங்கள் இரண்டு.

ஒன்று, கட்டமைப்பின் வளர்ச்சி. பொருள் சற்றுக் கூடிய இடம் மேலும் பொருளை இழுத்துக் கொத்தாகிறது. பொதுச் சார்பியலில் இந்த வளர்ச்சி வீதம், பொருளின் பங்கை 0.55 அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும். பொருள் 0.3 என்றால் வீதம் 0.52. ஐந்து பரிமாணத் தகட்டுக் கோட்பாட்டில் அடுக்கு 0.68, வீதம் 0.44. விரிவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் வளர்ச்சி காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றது, ஒளியும் பொருளும் ஒரே ஈர்ப்பை உணர்கின்றனவா என்பது. காலவெளியின் சிதைவில் காலத்துக்கு ஒரு பகுதி, வெளிக்கு ஒரு பகுதி. மெதுவாக நகரும் கேலக்ஸிகள் காலப் பகுதியை மட்டும் உணரும். ஒளி இரண்டின் கூட்டுத்தொகையை உணரும். பொதுச் சார்பியலில் காலப் பகுதியும் வெளிப் பகுதியும் சமம். எஃப்-ஆரில் கேலக்ஸிகளின் வேகம் கூடும், ஒளியின் வளைவு ஏறக்குறைய மாறாது. ஒரே பகுதியில் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் போதும்.

அரிசோனாவின் கிட் பீக்கில் 5000 இழை ரோபோக்களோடு இயங்கும் டெசி கருவி வேகங்களை அளக்கிறது. 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி, வானத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஒளியின் வளைவை அளக்கிறது. 2024 நவம்பரில் டெசி குழு ஏறக்குறைய 60 லட்சம் கேலக்ஸிகளையும் குவேசார்களையும் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்) கொண்டு வளர்ச்சியைச் சோதித்தது. ஐன்ஸ்டைனுக்கு எதிராக எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு கணக்குகள் மட்டும் இன்னும் உதைக்கின்றன. விரிவு வீதத்தைப் பிளாங்க் செயற்கைக்கோளின் நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணித்தால், ஹபிளின் எண்ணுக்குச் சொன்ன அதே அலகில் 67.4; செபீடு விண்மீன்களும் (துடிக்கும் காலமே உண்மையான ஒளியளவைச் சொல்லிவிடும் விண்மீன்கள்) சூப்பர்நோவாக்களும் கொண்டு நேரடியாக அளந்தால் 73. ஈர்ப்பை அண்மைக் காலத்தில் மட்டும் திருத்தினால் இது தீராது. ஏனெனில் தொடக்க அண்டத்தின் ஒலி அலைகள் விட்டுச்சென்ற 48 கோடி ஒளியாண்டு நீள அளவுகோல், இடைப்பட்ட தொலைவுகளை எல்லாம் இறுகக் கட்டி வைத்திருக்கிறது. அந்த அளவுகோலின் நீளத்தையே மாற்ற வேண்டும், அதாவது முதல் 3,80,000 ஆண்டுகளில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு 2025 மார்ச்சில் வந்தது. டெசியின் மூன்று ஆண்டுத் தரவை சூப்பர்நோவாக்களோடு சேர்த்தால், கரும் ஆற்றல் மாறிலி அல்ல, மெல்லக் குறைகிறது என்ற குறிப்பு கிடைக்கிறது. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரை (சிக்மா கூடக் கூடத் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). கண்டுபிடிப்பு என்று அழைக்க 5 தேவை. அந்தத் தரவில் அழுத்தத்துக்கும் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதம் ஒரு காலத்தில் −1க்குக் கீழே இருந்து பின்னர் மேலே ஏறுவதுபோலத் தெரிகிறது. எளிய ஒற்றைப் புலத்தால் −1ஐக் கடக்க முடியாது. ஈர்ப்பைத் திருத்தும் கோட்பாடுகள் சிலவற்றால் முடியும். அவற்றை எழுதுபவர்கள் இப்போது சந்திக்க வேண்டிய சோதனை, அந்தக் கடத்தலை விளக்கும் அதே சமன்பாடு டெசி ஏற்கெனவே அளந்த வளர்ச்சி வீதத்தையும் தருகிறதா என்பதுதான்.